ஆர்ட் ஃபேர்: வட சென்னைப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு எட்சிங் பிரஸ், அதாவது உலோகத் தகட்டில் செதுக்கிய படத்தைக் காகிதத்தில் அச்சிடும் இயந்திரம், இருக்கிறது. எழும்பூர் கவின் கலைக் கல்லூரியில் படிப்பை முடித்த கையோடு நானும் இரண்டு தோழிகளும் காசு சேர்த்து வாங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் காசிமேடு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் என்று பல பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் படங்களைச் சுருட்டிக்கொண்டு வருவார்கள். முதல் அரை மணி நேரம் படத்தைப் பற்றிப் பேசுவோம். அப்புறம் பேச்சு ஆர்ட் ஃபேருக்குப் போய்விடும். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்டதைக் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். சிறு கேலரிகள் வழியாக என் பிரிண்டுகள் நான்கு ஃபேர்களுக்குப் போயிருக்கின்றன. இந்தப் பதில்கள் பெரும்பாலும் அந்த அனுபவத்தில் கற்றவை.

அக்கா, ஆர்ட் ஃபேர்னா கண்காட்சிதானே? எதுக்கு வேற பேரு?

கண்காட்சியில் ஒரு கேலரி ஒரு கலைஞரின் வேலைகளை மூன்று நான்கு வாரம் வைத்திருக்கும். ஆர்ட் ஃபேர் என்பது சந்தை. ஐம்பது, நூறு கேலரிகள் ஒரே கூரையின் கீழ் ஆளுக்கொரு ஸ்டால் எடுத்து மூன்று நான்கு நாள் கடை விரிக்கும். வாங்க வருகிறவர்கள், மியூசியத்துக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் அந்த நான்கு நாளில் வந்து போவார்கள். 1967-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் 18 கேலரிகள் சேர்ந்து நடத்திய சந்தையைத்தான் இன்றைய ஃபேர்களுக்குத் தொடக்கம் என்பார்கள். 1970-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இன்னொன்று வந்தது. டெல்லியில் 2008-ல் இந்தியா ஆர்ட் சம்மிட் என்ற பெயரில் ஆரம்பித்ததுதான் இப்போதைய இந்தியா ஆர்ட் ஃபேர். பிப்ரவரி தொடக்கத்தில் ஓக்லாவில் நடக்கிறது. மும்பையில் 2023 முதல் நவம்பர் மாதத்தில் ஆர்ட் மும்பை நடக்கிறது.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று நடக்கும் கலை விழாவான கொச்சி பியன்னாலேயை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 2012 டிசம்பர் 12-ல் தொடங்கிய அந்த விழாவில் வேலைகளைப் பார்க்கத்தான் வைக்கிறார்கள், விலை பேசுவது கிடையாது.

சும்மா பாக்கப் போலாமா? வாங்கறவங்களைத்தான் உள்ள விடுவாங்களா?

டிக்கெட் எடுத்தால் யார் வேண்டுமானாலும் போகலாம். பெரிய ஃபேர்களில் முதல் ஒன்றிரண்டு நாள் அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும். மற்ற நாட்கள் பொது. சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் டெல்லிக்கு இரண்டு இரவும் ஒரு பகலும் ஆகும். முதல் தடவை விற்கும் நினைப்பே இல்லாமல் போங்கள்.

போனால் படத்தோடு சேர்த்து, படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டையும் பாருங்கள். பெயர், தலைப்பு, ஆண்டு, எதில் செய்தது, அளவு எல்லாம் வரிசையாக இருக்கும். அளவில் உயரம் முதலில் வரும், அகலம் அடுத்தது. நம் பிள்ளைகளில் பாதிப் பேர் இதை மாற்றி எழுதுகிறார்கள். கேலரிக்காரர் படுக்கை வாட்டத்துக்கு இடம் ஒதுக்கிவிட்டு, பெட்டியைத் திறந்தால் படம் நின்ற வாட்டத்தில் இருக்கும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் ஐந்தடி உயரத்தில் வரும்படி மாட்டியிருப்பதையும் கவனியுங்கள்.

நான் நேரா அப்ளை பண்ணலாமா?

டெல்லி, மும்பை மாதிரிப் பெரிய ஃபேர்களில் விண்ணப்பம் போடுவது கேலரிதான். ஒரு தேர்வுக் குழு உட்கார்ந்து, எந்த கேலரிக்கு ஸ்டால், அது யாருடைய வேலையைக் கொண்டு வருகிறது என்று பார்த்து முடிவு செய்யும். தனி ஆள் விண்ணப்பிக்க வழியில்லை என்றதும் பல பேர் முகம் வாடிவிடுகிறது. வாட வேண்டாம், வேறு வழிகள் உண்டு.

கலைஞர்களுக்கே நேரடியாக ஸ்டால் கொடுக்கும் ஃபேர்கள் இருக்கின்றன. வாடகை உங்கள் கையிலிருந்து போகும், விற்றால் முழுக் காசும் உங்களுக்கு. பெங்களூரில் சித்திரகலா பரிஷத் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குமார கிருபா சாலையையே கலைஞர்களுக்கு விட்டு நடத்தும் சித்திர சந்தை இன்னொரு வகை. அங்கே தெருவோரத்தில் நின்று ஒரு நாள் முழுக்க ஆட்களிடம் பேசிய பிள்ளைகள் திரும்பி வரும்போது பேச்சே மாறியிருக்கும். கல்லூரியில் படிப்பவர்களுக்குக் கொச்சியில் மாணவர் பியன்னாலே இருக்கிறது. சென்னையில் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் குறைந்த வாடகையில் குழுக் கண்காட்சி வைக்கலாம். கேலரிக்காரர்கள் புதிய ஆட்களைத் தேடிப் பார்க்கும் இடங்கள் இவைதான்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். "உங்கள் இன்ஸ்டா பக்கம் பார்த்தோம், வெளிநாட்டில் கண்காட்சி, இவ்வளவு பணம் கட்டினால் சான்றிதழும் பதக்கமும்" என்று செய்தி வந்தால் பதில் போடாதீர்கள். ஸ்டால் வாடகை என்றால் எத்தனை சதுர அடி, எந்த ஊர், எந்தத் தேதி, போன வருடம் யார் யார் வந்தார்கள் என்று கேட்டதும் சொல்வார்கள். சொல்லாதவர்களுக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

வரைஞ்சது நான். கேலரிக்கு எதுக்குப் பாதிக் காசு?

சில இடங்களில் மூன்றில் ஒரு பங்கு, சில இடங்களில் 40 சதவீதம், பல இடங்களில் சரிபாதி. முதலில் கேட்டபோது எனக்கும் நெஞ்சு எரிந்தது. ஒரு ஃபேரில் ஸ்டால் அடுக்க உதவிக்குப் போன பிறகுதான் கணக்கு புரிந்தது. ஸ்டால் வாடகையைச் சதுர மீட்டர் கணக்கில் வாங்குகிறார்கள். அதற்கு மேல் சுவர், விளக்கு, லாரி, பெட்டி, இன்சூரன்ஸ், நான்கு நாள் தங்கும் செலவு. ஓரிருவர் சேர்ந்து நடத்தும் சின்ன கேலரிக்கு இதெல்லாம் கடன். எதுவும் விற்காமல் போனால் அந்தக் கடன் அவர்கள் தலையில்தான், உங்கள் தலையில் இல்லை.

அதனால் சதவீதத்தைக் கேட்டவுடன் கோபப்படாமல், அந்தப் பணத்துக்கு என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். ஃப்ரேம் யார் செலவு? உங்கள் வேலையைப் பற்றி எழுதுகிறார்களா? வாங்கியவர் பெயரைச் சொல்வார்களா? ஃபேர் முடிந்த பிறகும் கூப்பிட்டுப் பேசுகிறார்களா? இதெல்லாம் செய்கிற கேலரிக்குப் பாதி கொடுப்பது நியாயம். சுவரை மட்டும் கொடுப்பவருக்கு அது அதிகம்.

என்ன விலை சொல்றது? கம்மியா சொன்னா சீக்கிரம் போயிடும்ல?

போகலாம். ஆனால் அடுத்த படத்துக்கு விலை ஏற்ற முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள். கேன்வாஸுக்கு நான் சொல்லித் தரும் கணக்கு எளிது. உயரத்தையும் அகலத்தையும் அங்குலத்தில் கூட்டி, உங்களுக்கென்று ஒரு தொகையால் பெருக்குங்கள். 24க்கு 36 என்றால் கூட்டுத்தொகை 60. உங்கள் தொகை 200 ரூபாய் என்று வைத்தால் 12,000 ரூபாய். கேலரிக்கு 40 சதவீதம் போனால் கையில் 7,200. அதிலிருந்து கேன்வாஸ், வண்ணம், ஃப்ரேம் செலவைக் கழித்து, மிச்சத்தை நீங்கள் வேலை செய்த நாட்களால் வகுத்துப் பாருங்கள். ஒரு பெயின்டர் அண்ணன் வாங்கும் நாள் கூலியைவிடக் குறைவாக வந்தால் 200 என்பதை உயர்த்த வேண்டும்.

கேலரியில் 12,000 சொல்லிவிட்டு வீட்டுக்கு வருபவருக்கு 6,000-க்குக் கொடுக்கக் கூடாது. இரண்டு இடத்திலும் ஒரே விலை. வாங்குபவர் பத்து சதவீதம் குறைக்கச் சொல்வார், அது சந்தை வழக்கம். அந்தத் தள்ளுபடி யார் பங்கிலிருந்து போகும் என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிண்டுக்குக் கீழ 3/15-னு போடறீங்களே, அது என்ன கணக்கு? ஜெராக்ஸ் மாதிரி எத்தனை வேணா போடலாமே?

ஒரு ஜிங்க் தகட்டில் கோடு கீறி, அமிலத்தில் கடிக்கவிட்டு, மசி தேய்த்து, ஈரக் காகிதத்தை மேலே வைத்து பிரஸ்ஸில் ஓட்டினால் ஒரு பிரிண்ட். அடுத்ததுக்கு மறுபடி மசி தேய்க்க வேண்டும், மறுபடி துடைக்க வேண்டும். என் கையில் ஒரு பிரிண்டுக்கு அரை மணி நேரம் ஆகும். 3/15 என்றால் மொத்தம் 15 எடுத்திருக்கிறேன், இது மூன்றாவது எண். ஏ.பி. என்று எழுதியிருந்தால் கலைஞர் தனக்கென்று வைத்துக்கொண்ட பிரதி. எண்ணையும் கையெழுத்தையும் பென்சிலில்தான் போடுவோம். பென்சில் காகிதத்தில் லேசாகப் பள்ளம் விழ வைக்கும். அதை அச்சில் நகலெடுக்க முடியாது.

15 என்று சொல்லிவிட்டால் பதினாறாவது கிடையாது. நன்றாக விற்கிறதே என்று இன்னொரு ஐந்து போட்டால் முதலில் வாங்கிய 15 பேரையும் ஏமாற்றியதாகும். போட்டோ பிரிண்டுக்கும் இதே விதி. எத்தனை பிரதி, எந்த அளவில், எந்தக் காகிதத்தில் என்று முதல் நாளே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள்.

மீன்பாடி வண்டில கேன்வாஸ் ஏத்திட்டுப் போலாமா?

பக்கத்துத் தெருவுக்கு என்றால் போகலாம், நானே போயிருக்கிறேன். பலகையை முதல் நாளே நன்றாகக் கழுவிக் காயவிட்டு, தார்ப்பாய் விரித்து, அதன்மேல் பழைய போர்வையைப் போட்டு ஏற்றினோம். கேன்வாஸ் தப்பித்தது. கூட வைத்திருந்த காகித வேலைகளில் மட்டும் மீன் வாடை ஏறிவிட்டது. மாதக் கணக்கில் காற்றாட வைத்தும் போகவில்லை. காகிதம் என்றால் ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.

வெளியூருக்கு என்றால் பேக்கிங்கில் அவசரம் கூடாது. அக்ரிலிக் வண்ணத்தின் மேல் பபிள் ராப்பை நேராகச் சுற்றாதீர்கள். நம் ஊர் வெயிலில் வண்ணம் இளகி, குமிழ் வட்டம் வட்டமாகப் பதிந்துவிடும். முதலில் கிளாசின் என்ற வழவழப்பான மெல்லிய காகிதம், அதன்மேல் பபிள் ராப், குமிழ் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். கேன்வாஸைச் சுருட்டினால் வண்ணம் வெளியே தெரியும்படி தடிமனான குழாயில் சுருட்டுங்கள், உள்ளே போகும்படி சுருட்டினால் வண்ணம் மடிந்து வெடிக்கும். ஃப்ரேமில் கண்ணாடி இருந்தால் அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். உடைந்தாலும் சில்லு படத்தைக் கிழிக்காது. தேவராஜ முதலி தெருவில் ஃப்ரேம் போடும்போது கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் ஷீட் கேட்டால் எடையும் குறையும்.

கடற்கரைப் பக்கம் இருக்கும் நமக்கு இன்னொரு தொல்லை உப்புக் காற்று. கேன்வாஸின் பின்னால் அடிக்கும் ஸ்டேப்ளர் பின் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்து, துணியில் பழுப்புக் கறை இறங்கிவிடும். துருப்பிடிக்காத பின் கேட்டு வாங்குங்கள். காகித வேலையைச் சுவரை ஒட்டி வைக்காமல் பீரோவில் சிலிகா ஜெல் பாக்கெட்டோடு படுக்க வையுங்கள்.

எனக்கு இங்கிலீஷ் வராது. ஸ்டால்ல நின்னு என்ன பேசுறது?

தமிழில் பேசுங்கள். பக்கத்தில் கேலரிக்காரர் இருப்பார், மொழிபெயர்ப்பது அவர் வேலைதான். என் முதல் ஃபேரில் நான் வாயே திறக்காமல் ஓரமாக நின்றிருந்தேன். ஒரு வயதான அம்மா வந்து ஒரு பிரிண்டையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பைக்குள் இருந்த ஜிங்க் தகட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் விரலால் கோடுகளைத் தடவிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், மறுபடி பிரிண்டைப் பார்த்தார். எதற்கு எது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் நாங்கள் கையாலேயே பேசிக்கொண்டோம்.

அன்றிலிருந்து செய்முறையைக் காட்டும் ஒரு பொருளைக் கூடவே எடுத்துப் போகிறேன். நீங்களும் ஒரு ஸ்கெட்ச் நோட்டு, ஒரு அச்சு, ஒரு நெகட்டிவ் என்று ஏதாவது எடுத்துப் போங்கள். என்ன செய்தேன், எதைக் கொண்டு செய்தேன், ஏன் செய்தேன் என்று மூன்று வாக்கியம் தமிழில் சொல்லிப் பழகுங்கள். மூன்றாவது வாக்கியம் வரவில்லை என்றால் இங்கிலீஷைக் குறை சொல்லிப் பயனில்லை. வேலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

எம் பொண்ணு வேலைக்குப் போவாம இதுலயே கெடக்குறா. இதுல சோறு கெடைக்குமாம்மா?

இது அப்பாக்களும் அம்மாக்களும் கேட்பது. மறைக்காமல் சொல்கிறேன், முதல் சில வருடங்கள் படம் விற்ற காசில் மட்டும் குடும்பம் ஓடாது. நான் வாரத்தில் மூன்று நாள் பள்ளியில் ஓவியம் சொல்லிக் கொடுத்தேன். என் கூடப் படித்தவர்கள் அனிமேஷன், சினிமா ஆர்ட் டிபார்ட்மென்ட், துணிக்கு டிசைன் என்று போனார்கள். மாலையில் தங்கள் வேலையைச் செய்தார்கள். ஒரு ஃபேரில் நான்கு பிரிண்ட் போகும், அடுத்ததில் ஒன்றுகூடப் போகாது.

உங்கள் மகள் வீட்டில் சும்மா இருக்கவில்லை. வரைவதற்கு ஒரு மேசையும், பகலில் தொந்தரவு இல்லாத இரண்டு மணி நேரமும் கொடுங்கள். கேன்வாஸ் வாங்கக் காசு தருவதைவிட அது பெரிய உதவி.

வட சென்னைன்னா மீனு, பொகை, ரவுடி. அதை வரைஞ்சாதான் எடுப்பாங்களா?

எடுப்பவர்களும் இருக்கிறார்கள். "உங்கள் ஏரியா கதையைக் கொண்டு வாருங்கள்" என்று கேட்டுவிட்டு, கருப்புப் புகையும் கிழிந்த வலையும் இல்லாவிட்டால் ஏமாற்றமாகப் பார்ப்பார்கள். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. நீங்கள் பார்த்தது, உங்கள் உடம்பில் பட்டது எதுவோ அதை வரையுங்கள். எண்ணூரில் பிறந்தவளுக்குச் சாம்பல் தினமும் மொட்டை மாடித் துணியில் படியும் தூசி. அவள் அதை வரைந்தால் அதில் உண்மை இருக்கும். வியாசர்பாடியில் கேரம் ஆடும் தம்பிக்கு அந்தச் சாம்பல் தேவையில்லை. கேரம் போர்டில் பவுடர் தூவிய பிறகு ஸ்ட்ரைக்கர் போன தடம் வெள்ளையில் மெல்லிய கோடாக நிற்கும். அவன் ஆறு மாதமாக அந்தக் கோடுகளை மட்டும் வரைந்துகொண்டிருக்கிறான். யாராவது "இதில் வட சென்னை எங்கே?" என்று கேட்டால் என்ன சொல்வது என்றான். சொல்ல வேண்டியதில்லை என்றேன்.

இந்தப் பக்கத்தில் 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ராயபுரம் நிலையம் இருக்கிறது. பின்னி மில் இருந்த தெருக்கள் இருக்கின்றன, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை இருக்கிறது, சௌகார்பேட்டை இருக்கிறது. மூன்று நான்கு தலைமுறையாக இரும்பும் நூலும் மரமும் கையாண்ட வீடுகள். வரைவதற்கு இங்கே பஞ்சமே இல்லை.

எங்கப்பா போர்டு ஆர்ட்டிஸ்ட். போட்டுக்குப் பேரு, நம்பர் எழுதுவாரு. அவரு வேலையை ஃபேர்ல வைக்கலாமா?

இந்தக் கேள்வி கேட்ட தம்பியை அன்று மாலையே கூட்டிக்கொண்டு காசிமேட்டுக்குப் போனேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகுகள் கரையேறிப் பழுது பார்த்து வண்ணம் பூசும் நேரம். அவன் அப்பா சாரத்தில் உட்கார்ந்து, சுண்ணாம்பு தடவிய நூலை இரண்டு முனையில் பிடித்துச் சுண்டினார். வளைந்த பலகையில் நேர்கோடு விழுந்தது. அளவுகோல் இல்லாமல் எழுத்துகளை இடம் பிரித்தார். படகின் மூக்குப் பக்கம் பலகை உள்வாங்கும் இடத்தில் எழுத்தைக் கொஞ்சம் அகலமாக்கினார். கீழே நின்று பார்ப்பவருக்கு எல்லா எழுத்தும் ஒரே அளவாகத் தெரிய வேண்டுமே. ஓவியக் கல்லூரியில் பெர்ஸ்பெக்டிவ் பாடத்தை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குக் காட்டியதில்லை.

ஆகவே தாராளமாக வைக்கலாம். எழும்பூர் கல்லூரியே 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் ஆரம்பித்தது. கைத்தொழிலும் ஓவியமும் அங்கே ஒரே வளாகத்தில்தான் வளர்ந்தன. ஆனால் எப்படி வைக்கிறோம் என்பது முக்கியம். மகன் அப்பாவின் வேலையைப் படம் பிடித்து, தன் பெயரில் மாட்டினால் எனக்குச் சம்மதமில்லை. அப்பாவைப் பலகையில் புதிதாக எழுதச் சொல்லுங்கள், அவர் பெயரைச் சீட்டில் போடுங்கள், விலையை அவரே சொல்லட்டும். இருவரும் சேர்ந்து செய்ததென்றால் இரண்டு பெயரும் வரட்டும். ஃபிளெக்ஸ் பேனர் வந்ததும் வேலை இழந்த போர்டு ஆர்ட்டிஸ்டுகள் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போகும் கேலரி ஒன்று வந்தால் நான் முதல் ஆளாக நிற்பேன்.

ஆத்துல எண்ணெய் கொட்டினப்ப எடுத்த போட்டோ இருக்கு. அதுல இருக்கறவங்ககிட்ட கேக்கணுமா?

2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது நம் பிள்ளைகள் பலர் படம் எடுத்தார்கள். செய்திக்கு அனுப்பியபோது அவசரம் இருந்தது. ஃபேரில் ஃப்ரேம் போட்டு விற்பது வேறு விஷயம். முகம் தெரிகிறவர் யாரோ, அவர் வீட்டுக்குப் பிரிண்ட் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். எங்கே மாட்டப் போகிறோம், என்ன விலை, யார் வாங்கக்கூடும் என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். சம்மதித்தால் இரண்டு வரி எழுதி வாங்குங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். விற்றால் அவருக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்பது சட்டமில்லை, என் கருத்து. இங்கே வரும் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்கிறேன்.

தெரிஞ்ச கேலரிதான். எழுதி வாங்கினா தப்பா நெனைக்க மாட்டாங்களா?

நானும் அப்படி நினைத்து ஒரு கேலரிக்கு ஐந்து பிரிண்டுகளை வாய் வார்த்தையில் கொடுத்தேன். ஒரு வருடம் கழித்து மூன்றுதான் திரும்பி வந்தன, அதிலும் ஒன்றில் பூஞ்சை. மீதி இரண்டும் விற்றதா, தொலைந்ததா என்று இன்றுவரை பதில் இல்லை. என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாததால் கேட்கவும் முடியவில்லை.

ஒரே பக்கம் போதும். ஒவ்வொரு வேலையின் தலைப்பு, அளவு, சிறு படம், விற்பனை விலை, உங்கள் பங்கு, எந்தத் தேதி வரை அவர்களிடம் இருக்கும், சேதமானால் யார் பொறுப்பு, திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, விற்று எத்தனை நாளில் பணம் வரும். முப்பது நாள் என்று எழுதுங்கள். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி. நல்ல கேலரிக்காரர் தானே இந்தத் தாளை எடுத்து நீட்டுவார்.

ஜிஎஸ்டி எல்லாம் நம்மளுக்கு வருமா?

சரக்கு விற்பனைக்கு வருடம் 40 லட்சம் ரூபாய் வரை பதிவு தேவையில்லை என்பது தமிழ்நாட்டுக்குள் விற்கும் வரைதான் பொருந்தும். வெளி மாநிலத்தில் உங்கள் பெயரில் நீங்களே ஸ்டால் போட்டு விற்றால் தொகை சிறிதானாலும் பதிவு கேட்கப்படும். கேலரி வழியாகப் போனால் வாங்குபவருக்கு அவர்கள் பில் போடுவார்கள். கையால் வரைந்த ஓவியம், அசல் பிரிண்ட், அசல் சிற்பம் ஆகியவற்றுக்கு 12 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். ஸ்டால் பணம் கட்டுவதற்கு முன் ஒரு ஆடிட்டரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்துவிடுங்கள்.

படத்தை வித்துட்டா எல்லாம் அவங்களுக்குத்தானே? காலண்டர்ல போட்டுக்குவாங்களா?

விற்றது அந்தக் கேன்வாஸை. அதைக் காலண்டரிலும் டீ-ஷர்ட்டிலும் அச்சடிக்கும் காப்புரிமை உங்களிடமே இருக்கிறது. உங்கள் ஆயுள் முழுக்க, அதற்கப்புறம் 60 வருடம். எழுதிக் கொடுத்தால்தான் அது கை மாறும். அப்படி எழுதும்போது காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்ளும்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, பலர் விழுந்திருக்கிறார்கள். ஒருவர் காசு கொடுத்து "எனக்கு இப்படி ஒரு ஓவியம் வேண்டும்" என்று சொல்லி வரைந்ததென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் 1957-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி முதல் உரிமையாளர் அவர்தான். போட்டோவுக்கும் அப்படியே. எனவே ஆர்டருக்கு வரையும்போது "காப்புரிமை கலைஞருக்கே" என்ற ஒரு வரியை, மேலே சொன்ன ஒரு பக்கத் தாளில் சேர்த்துவிடுங்கள்.

காப்புரிமையே கை மாறினாலும் உங்கள் பெயரை எடுக்கவோ, வேலையைச் சிதைக்கவோ முடியாது. டெல்லியில் அரசு மாநாட்டு மண்டபமான விஞ்ஞான் பவன் சுவரில் அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சிற்பத்தை 1979-ல் கழற்றிச் சேதப்படுத்தினார்கள். அவர் அரசின் மேலேயே வழக்குப் போட்டார். மிஞ்சிய பாகங்களை அவரிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லி 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அசல் ஓவியம் பின்னால் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால் கலைஞருக்கு அதில் ஒரு பங்கு, அதிகபட்சம் 10 சதவீதம், உண்டு என்றும் அதே சட்டம் சொல்கிறது. அப்படிக் கேட்டு வாங்கிய ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. யார் யாருக்கு விற்றோம் என்று நோட்டு வைத்திருந்தால்தான் கேட்கவே முடியும்.

எதுக்கு டெல்லிக்குப் போவணும்? இங்கயே ஒண்ணு நடத்த முடியாதா?

முடியும் என்றுதான் நான் நம்புகிறேன். மெட்ராஸில் நவீன ஓவியத்தை வாங்க ஆளில்லாத காலத்தில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணி செய்து விற்று, அந்தக் காசில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966-ல் சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தை ஆரம்பித்தார்கள். அன்று அது வெறும் மணல்.

நம் பக்கம் கல்யாண மண்டபங்கள் இருக்கின்றன. ஆடி, மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் வாடகை பேசிக் குறைக்கலாம். ஆடியில் வெயில், மார்கழியில் சில வருடம் மழை, இரண்டையும் யோசிக்க வேண்டும். 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுவதால் அண்ணா நகர், அடையாறு ஆட்கள் வர மாட்டார்கள் என்ற பேச்சு இனி எடுபடாது. எட்டடி உயரப் பலகைத் தடுப்பு, நிறம் மாறாமல் காட்டும் விளக்கு, மின்சார லோடு, போலீஸ் அனுமதி, இரவுக் காவல். செலவு இவற்றில்தான். ஸ்டால் வாடகையை முன்பணமாக வாங்காமல், விற்பனையில் ஒரு சிறு பங்காக வாங்கினால் புதியவர்கள் துணிந்து வருவார்கள். நுழைவுக் கட்டணம் கூடாது. காசிமேட்டுக்காரர்கள் ஞாயிறு விடியற்காலை ஏலத்தில் இருப்பார்கள், அதனால் மாலை நான்கு முதல் ஒன்பது வரை திறந்து வைக்க வேண்டும். சீட்டில் தமிழ் மேலே இருக்கட்டும்.

இதற்காகவே மாடியில் ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். மண்டபம் தெரிந்தவர்கள், தச்சு வேலை தெரிந்தவர்கள், கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் பெயர் கொடுக்கலாம். படம் வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஞாயித்துக்கெழமை வரும்போது என்ன எடுத்துட்டு வரணும்?

செய்ததிலேயே உங்களுக்குப் பிடித்த ஐந்து வேலைகள், பிடிக்காத ஒன்று, அளவு எழுதிய நோட்டு. போனில் இருக்கும் படங்களைக் காட்டாமல் அசலை எடுத்து வாருங்கள். பெரிதாக இருந்தால் சொல்லுங்கள், நாங்கள் வந்து பார்க்கிறோம். பத்து மணிக்கு மேல் வருவது நல்லது. அதற்கு முன்னால் பிரஸ் ஓடிக்கொண்டிருக்கும், எங்கள் கையெல்லாம் மசியாக இருக்கும், உங்கள் படத்தைத் தொட முடியாது.